ஆட்டுக்குப் பின்னால் நின்ற அரசாங்கம்

உலகத்தில் பிறந்த எல்லாரும் அரசாங்கத்துக்காக வரிசையில் நின்றிருக்கிறார்கள். அரசாங்கத்தையே கூட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிற்க வைத்த ஒரே ஆள் இந்தக் கமருஸ்ஸமான்தான். அதுவும் ஓர் ஆட்டுக்குப் பின்னால். வெயிலில். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

நம்ப முடியவில்லையா? பரவாயில்லை. அந்தச் சனிக்கிழமை காலையில் இன்ஸ்பெக்டர் வெற்றிவேலும் நம்பவில்லை.

"வரிசையில வாங்க பாய்" என்றார், ஸ்டேஷனுக்குள் நான் தலையை நீட்டியதும். எனக்கு முன்னால் பாதிப் புதுச்சேரி நின்றுகொண்டிருந்தது. மீதிப் பாதி வெளியே வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தது.

"நான் நிக்கிறேன் சார். ஆனா ஒண்ணு. சாயந்திரத்துக்குள்ள உங்க அரசாங்கத்தையே வரிசையில நிக்க வெச்சுக் காட்டுறேன்."

"நடக்கிற கதையா பேசுங்க பாய்."

"பாய், கொஞ்சம் வாயை அடக்குங்க" என்று பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தான் சுப்ரமணி. "லாக்கப்புல உங்களப் போட்டா கூடத் தொணைக்கு என்னையும் போடுவாங்க. என் ஆட்டோ நோ பார்க்கிங்ல நிக்குது."

சுப்ரமணி முத்தியால்பேட்டை ஆட்டோ ஸ்டாண்டுக்காரன், என் உதவியாளன். சம்பளம் கிடையாது. அதனால் வாயை மூடு என்று சொல்லும் உரிமையும் எனக்குக் கிடையாது. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த ஊரின் காதல், கல்யாணம், சண்டை, சமாதானம் எல்லாம் என் காது வழியாகத்தான் போய்வந்தன. ரிசீவரில் மூச்சு விட்டாலே போதும், ஆள் மத்தியானம் என்ன குழம்பு சாப்பிட்டார் என்று சொல்லிவிடுவேன். பென்ஷன் கொடுத்து ஆளைத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். காதை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அதை வைத்துத்தான் இப்போது துப்பறிகிறேன்.

நாங்கள் வந்தது அன்புசெல்விக்காக.

குருசுக்குப்பத்துப் பெண். நர்சிங் படித்தவள். இந்த ஊரில் எனக்கு வலிக்காமல் இன்சுலின் ஊசி போடத் தெரிந்த ஒரே ஜீவன். அவள் திங்கட்கிழமை அரசாங்க வேலையில் சேர வேண்டும், ஆர்டர் வந்துவிட்டது. இந்த நேரத்தில் அவள் மேல் ஒரு எஃப்.ஐ.ஆர். விழுந்தால் வேலை போச்சு. அந்த எஃப்.ஐ.ஆரை எழுதத்தான் இன்ஸ்பெக்டர் மேஜை மேல் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

அவள் செய்த குற்றம்: வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மினாக இருந்தது.

"சாதாரண குரூப்பு இல்ல பாய்" என்றார் வெற்றிவேல். "'குப்பத்துக் காத்து'. கடல்ல காத்து எப்படி, மீன் எங்க, மார்க்கெட்ல என்ன வெலை, எல்லாம் அதுலதான். குருசுக்குப்பத்துல ஆரம்பிச்சு மார்க்கெட் முழுக்க அதுல இருக்கு. அட்மின் மட்டும்தான் பேச முடியும், மத்தவங்க கேக்கத்தான் முடியும். நேத்து மத்தியானம் அதுல ஒரு வாய்ஸ் வந்துச்சு. கேளுங்க."

அனுப்பியவர் பெயர் இல்லாமல் கைமாறி வந்து தன் போனில் சேமித்து வைத்திருந்ததை ஓட விட்டார். ஒரு பெண் குரல். குரல்கூட இல்லை, வெறும் கிசுகிசுப்பு.

'கேளுங்கடி... ஞாயித்துக்கெழம விடியக்காலம் பெரிய மார்க்கெட்டு மீன்கடையப் பூட்டப் போறாங்க. வடக்கு வாசல்ல ரெண்டு வண்டி போலீசு, தெக்கு வாசல்ல ஒரு வண்டி. எடத்த விட்டு நவுராதீங்க.'

அவ்வளவுதான். இந்த நாலு வரி என்ன செய்தது தெரியுமா? நேற்று மாலைக்குள் மீன்காரம்மாக்கள் எல்லாரும் கடைத்திண்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்காகக் காய்கறிக்காரர்கள் கடையடைத்தார்கள், காய்கறிக்காரர்களுக்காகப் பூக்காரர்கள். நேரு வீதியில் மறியல். ஊரில் ஒரு நெத்திலி கிடைக்கவில்லை. மீன் இல்லாத சனிக்கிழமையில் புதுச்சேரிக்காரனின் முகத்தைப் பார்த்தால் எமதர்மனே ஒதுங்கிப் போவான். மார்க்கெட் ஈக்கள் வேலையில்லாமல் கடற்கரைச் சாலையில் வாக்கிங் போனதை நானே பார்த்தேன்.

காலையில் மேலிடம் ஓர் உத்தரவு போட்டது: ஊர் முழுக்க இன்டர்நெட் கட்.

"இந்த வண்டிக் கணக்கு சரியா சார்?" என்றேன்.

வெற்றிவேல் கொஞ்சம் நெளிந்தார். "அதான் பாய் எரிச்சல். அச்சு அசலா சரி. எனக்கே நேத்துதான் தெரியும். ஆனா எங்க பக்கத்துலேந்து ஒரு வார்த்தை வெளிய போகல. போகவே போகாது."

"அப்ப இந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அதைத்தான் அவ சொல்ல மாட்டேங்குறா. எங்க கான்ஸ்டபிள் செம்மல் இன்னைக்குக் காலைல நெட்டு இருக்கும்போதே லிங்க் வாங்கி அந்தக் குரூப்புல சேந்துட்டான். புதுசா சேந்தவனுக்குப் பழைய பேச்சு தெரியாதுன்னாலும் அட்மின் யாருன்னு தெரியுமில்ல? அன்புசெல்வி. ஒரே ஆள். முடிஞ்சுது."

மூலையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அன்புசெல்வி நிமிர்ந்தாள். நான் அவள் பக்கம் போனேன்.

"ஏம்மா, உன் போனைத் தொறந்து காட்டிட்டா நேத்து யாரு பேசுனதுன்னு தெரிஞ்சுடுமே. உன் மேல தப்பு இல்லன்னும் தெரிஞ்சுடும்."

"தெரியும் பாய். வேற ஒருத்தவங்க மேல தப்புன்னும் தெரியும்" என்றாள். "அதான் தொறக்கல."

"திங்கட்கிழமை வேலை?"

கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் தலையை ஆட்டினாள். முடியாது என்று.

"சாயந்திரம் மேல அனுப்பியாகணும் பாய்" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் சொல்வதிலும் கொஞ்சம் வருத்தம் இருந்தது. "அதுக்குள்ள வேற ஆளைக் கொண்டாங்க, விட்டுடுறேன்."

"அந்த வாய்ஸை இன்னொரு தரம் போடுங்க."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கிசுகிசுப்புக்குப் பின்னால் 'சொர்ர்' என்று ஒரு சத்தம். அதோடு கலந்து 'கரகர' என்று இன்னொன்று.

"மீன் வறுக்கிறாங்க" என்றான் சுப்ரமணி.

"மடையா, அது ஒயர்லெஸ். நான் கேக்காத ஒயர்லெஸ்ஸா?"

"சங்கரா பாய். எண்ணெய் சூடு ஆறுறதுக்குள்ள போட்டுருக்காங்க."

"ஒயர்லெஸ்!"

"சங்கரா!"

வெளியே வந்ததும் என் முடிவை அறிவித்தேன். "ஒயர்லெஸ் எங்க இருக்கும்? விசைப்படகுல. வாய்ஸ் போட்டவ படகுலேந்து போட்டுருக்கா. கெளப்பு வண்டிய துறைமுகத்துக்கு."

"படகுல எவ பாய் கல்லைக் காய வெச்சு மீன் வறுக்குறா? கூடவே பால்கனி வெச்சு ரெண்டு ஃபேனும் போட்டுருக்காளா?"

பதில் சொல்லாமல் ஆட்டோவில் ஏறினேன். பெரிய துப்பறிவாளர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள்.

துறைமுகத்துக்குப் போகிற வழியில் மார்க்கெட்டைத் தாண்ட முடியவில்லை. இன்டர்நெட் இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். எல்லாரும் கையில் செத்த போனை வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் அதைத் தடவித் தடவி உயிர் வருகிறதா என்று பார்த்தபடி அங்குமிங்கும் நடந்தார்கள். நின்ற இடத்தில் ஒருவரும் நிற்கவில்லை. ஒருவர் போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கடைக்குள் இறங்கினார். இறங்கிய பிறகும் கையை இறக்கவில்லை.

திடீரென்று, மூடிய கடை வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பூக்காரம்மாவின் போன் பேசியது.

'மீன்கடைய மட்டும் இல்லியாம், மார்க்கெட்டையே இடிக்கிறாங்களாம். பிரெஞ்சுக்காரன் திரும்பி வர்றானாம். எல்லாருக்கும் சொல்தா பென்ஷனாம்.'

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களுக்குக் கிடைக்கும் பென்ஷன்தான் சொல்தா பென்ஷன். இந்த ஊரில் அந்த வார்த்தையைச் சொன்னால் தூங்குகிற பூனையும் எழுந்து வந்து கையெழுத்துப் போடும். சுற்றிலும் பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

"ஏம்மா, நெட்டே இல்ல. இது எப்படி வந்துச்சு?" என்றேன்.

"கோட்டக்குப்பம் போயிட்டு வந்த தம்பி ஒண்ணு தட்டி உட்டுச்சு" என்றாள். "அங்கதான் நெட்டு வருதே. இங்க வந்து ஒரு போன்லேந்து இன்னொரு போனுக்குத் தள்ளி உட்டுக்குறோம்."

சுப்ரமணி ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துச் சிரித்தான். "பாய், நம்ம அரசாங்கம் நம்ம வீட்டுக் கொழாயை மூடிடுச்சு. அடுத்த வீட்டுக் கொழாயை யாரு மூடுறது?"

எனக்கும் உறைத்தது. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் சண்டை போட்டுப் பங்கு பிரித்ததில் எங்கள் புதுச்சேரி எலி கடித்த வேட்டி மாதிரி ஆன ஊர். நடுவில் எங்கே பார்த்தாலும் தமிழ்நாடு. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். அது விழுப்புரம் மாவட்டம். எங்கள் உத்தரவு அந்த எல்லையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிடும்.

"கெளப்பு கோட்டக்குப்பத்துக்கு!"

"துறைமுகம்?"

"துறைமுகம் எங்கேயும் ஓடிப் போகாது."

எல்லையில் நான் கண்ட காட்சியை விவரிக்க ஆயிரம் பக்கம் வேண்டும். ரோட்டின் இந்தப் பக்கம் புதுச்சேரி, காலி. அந்தப் பக்கம் தமிழ்நாடு, புதுச்சேரி முழுக்க அங்கே நின்றது. ஒரு கல்யாண வீடே வந்து பந்தல் ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பை மடியில் வைத்து ஒரு குமாஸ்தா தட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்தவர், அரசாங்க ஆபீஸ்காரர்.

"நீங்களுமா?" என்றேன்.

"என்னா பாய் பண்றது? எங்க ஃபைல் எல்லாம் இப்ப ஆன்லைன்ல. நெட்டை நிறுத்துற உத்தரவையே சாயந்திரம் வரைக்கும் நீட்டிக்கணும்னாங்க. அதை இங்க வந்துதான் மேல ஏத்திக்கிட்டு இருக்கேன்."

சுப்ரமணி அவருக்கு ஒரு கும்பிடு போட்டான்.

அவருக்குப் பக்கத்தில் மீன்கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா போனைத் திட்டிக்கொண்டிருந்தார். காதில் பெரிய தோடு. கையில் மீன் செதில் பளபளத்தது.

"ஒத்த டிக்குலயே நிக்குது பாரு! காலைலேந்து வந்து நிக்கிறேன். ஒத்த டிக்கு!"

"யாருக்கும்மா அனுப்புறீங்க?" என்றேன்.

"எங்க மாப்ளைக்கு. முக்கியமான சேதி வாய்ஸ்ல போட்டுருக்கேன். கூப்புட்டா கட் பண்ணிடுறாரு."

"உங்க மாப்ளை எங்க இருக்காரு?"

"டவுன்ல. கவருமெண்டு வேல."

"அப்ப இங்கேந்து நீங்க அனுப்புனாலும் அங்க அவருக்கு நெட்டு இல்லியேம்மா" என்றான் சுப்ரமணி. "நீங்க பொட்டியைப் போட்டுட்டீங்க, அங்க தபால்காரரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பெயர் ரஞ்சிதம். குருசுக்குப்பம் என்றதும் என் காது விரைத்துக்கொண்டது. அன்புசெல்வியைத் தெரியுமா என்று கேட்டேன். அவ்வளவுதான், பொங்கிவிட்டார்.

"அந்தப் பொண்ண எதுக்குப் புடிச்சாங்களாம்? அட்மின்னாம்! அட்மின்னா அவ என்னா ராணியா? எங்க ஊர்ல கரைவலை இழுக்குறது தெரியுமா பாய் உங்களுக்கு? ஒரே கரை, அத்தனை வீட்டுக்கும் வலை இருக்கு. எல்லாரும் ஒண்ணா வலைய விட்டா சிக்கிக்கும். அதனால இன்னிக்கு ஒரு வீடு, நாளைக்கு அடுத்த வீடுன்னு முறை. முறை வந்த வீடு வலை விடும், மத்தவங்க கரையில நிப்பாங்க. இப்ப பாறையக் கொட்டி கரையே கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கு, ஆனா முறை உட்டுப் போவல. குரூப்புக்கும் அதேதான். இன்னிக்கு ஒரு வீடு பேசும். பொழுது விடிஞ்சா அடுத்த வீட்டுக்கு அட்மின்ன மாத்தி உட்டுடும்."

நான் சுப்ரமணியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

ஸ்டேஷனில் ஒரு முழு இலாகாவும் தலையைத் தேடிக்கொண்டிருக்கிறது. இங்கே தலையே தினம் ஒரு வீட்டில் படுத்துத் தூங்குகிறது.

"அப்ப அன்புசெல்விக்கு முறை வந்தது இன்னைக்குத்தான். வாய்ஸ் வந்தது நேத்து" என்றேன். "நேத்து எந்த வீட்டு முறை?"

ரஞ்சிதம்மாவின் வாய் சட்டென்று மூடியது. கூடையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார்.

"சாப்பாட்டு நேரம் ஆச்சு. மாப்ள சாப்புட வருவாரு. எம் பொண்ணு டிரெய்னிங்குன்னு சென்னை போயிருக்கா, அதனால ஒரு மாசமா மத்தியானச் சோறு நம்ம வீட்லதான். நீங்களும் வாங்க."

"எதுக்கும்மா?"

"பெரிய மனுஷன் ஒருத்தரு கூட இருந்தா அவரு கத்த மாட்டாரு" என்றார்.

குருசுக்குப்பத்தில் கடலுக்கு முதுகைக் காட்டிய வீடு அது. ஒரே அறை, நடுவில் ஒரு தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் கூடம், அந்தப் பக்கம் அடுப்பு. என்னையும் சுப்ரமணியையும் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு ரஞ்சிதம்மா உள்ளே போனார். ஊரே மீனில்லாமல் தவிக்கும்போது இங்கே மஞ்சளும் மிளகாயும் தடவிய மீன் தட்டு நிறைய இருந்தது. நான் இன்னும் நேற்றைய வீட்டைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். படகு, ஒயர்லெஸ், கிசுகிசுப்பு. நடுக்கடலில் இருப்பவள் எதற்குக் கிசுகிசுக்க வேண்டும்? மீனுக்குக் கேட்டுவிடும் என்றா?

பக்கத்தில் யாரோ இருந்திருக்கிறார்கள். அவர் காதில் விழக்கூடாது.

அப்போது ஜீப் ஒன்று வாசலில் நின்றது. பூட்ஸைக் கழற்றும் சத்தம். உள்ளே கல்லில் மீன் விழுந்தது: 'சொர்ர்'. வாசலில் நுழைந்தவரின் இடுப்பிலிருந்து: 'கரகர'.

சொர்ர். கரகர. சொர்ர். கரகர.

சுப்ரமணி எழுந்தே விட்டான். "பாய்! சங்கரா!"

"ஒயர்லெஸ்!" என்று நானும் எழுந்தேன்.

இரண்டும் சரி. வாசலில் இன்ஸ்பெக்டர் வெற்றிவேல் ஒற்றைக் காலில் சாக்ஸோடு நின்று எங்களை முறைத்தார்.

"நீங்க எங்க மாமியார் வீட்ல என்ன பண்றீங்க?"

"சார், நேத்து இங்க சாப்புடும்போது யாருகிட்டயாவது போன்ல பேசுனீங்களா?"

"மேலதிகாரிகிட்ட பேசுனேன். பந்தோபஸ்து விஷயம். அதுக்கென்ன இப்ப? வடக்கு வாசல்ல ரெண்டு வண்டி, தெக்கு..."

அங்கேயே நின்றுவிட்டது அவர் வாய். அடுப்பைப் பார்த்தார். தடுப்பைப் பார்த்தார். தடுப்புக்கு மேலே இரண்டு பெரிய தோடுகள் ஆடின.

"மாப்ள, கோவப்படாதீங்க" என்றார் ரஞ்சிதம்மா, கையில் தோசைத் திருப்பியோடு. "நேத்து நம்ம வீட்டு முறை. ஊருக்கே ஆகுற சேதி என் காதுல விழுது, முறையும் நம்மது. சொல்லாம வெச்சிருந்தா நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு மார்க்கெட்ல ஒக்காருவேன்? உங்க பேரு வரக்கூடாதுன்னுதான் மெதுவாச் சொன்னேன். அந்தப் பொண்ணப் புடிச்சிட்டாங்கன்னதும் காலைலேந்து உங்ககிட்டச் சொல்லத்தான் அலையுறேன். ஒத்த டிக்கு!"

"ஸ்டேஷனுக்கு வந்து சொல்லியிருக்கலாமே!"

"மாப்ள ஆபீசுக்கு மாமியாக்காரி போறது மரியாதையா?"

குற்றவாளி காலை முதல் வாக்குமூலம் கொடுக்க ஓடிக்கொண்டிருக்கிறார். அதை வாங்க வேண்டிய இலாகா நெட்டை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறது. முப்பது வருஷ எக்ஸ்சேஞ்சில் இப்படி ஒரு ராங் நம்பரை நான் பார்த்ததில்லை.

"ரகசியம் எங்கேயும் வெளிய போகல சார்" என்றான் சுப்ரமணி. "கொழம்பு ஊத்திப் பெசைஞ்சு இங்கேயேதான் இருந்துருக்கு."

வெற்றிவேல் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து ஒயர்லெஸ் கத்தியது. மேலிடம் பயந்துவிட்டதாம். ஞாயிறு நடவடிக்கை தள்ளி வைக்கப்பட்டது. மீன்காரம்மாக்களைக் கூப்பிட்டுப் பேசாமல் கடை மூடப்படாது. இதை உடனே ஜனங்களுக்குச் சொல்லி மறியலைக் கலைக்க வேண்டும். மைக் கட்டிப் போன ஆட்டோவை நேரு வீதியில் யாரும் நம்பவில்லை. நம்பாதது மட்டுமில்லை, மைக்கைப் பிடுங்கி அதில் பிரெஞ்சுப் பென்ஷன் எப்போது என்று கேட்டிருக்கிறார்கள்.

"அத்தை, குரூப்புல போடுங்க. உடனே" என்றார் வெற்றிவேல்.

"நான் எப்படிப் போடுறது? என் முறை நேத்தோட போச்சு. காலைலயே அன்புசெல்விக்கு மாத்தி உட்டுட்டேன். இன்னிக்கு அவ பேசணும். அவளத்தான் நீங்க உள்ள ஒக்கார வெச்சிருக்கீங்களே மாப்ள."

ஊர் கேட்கக்கூடிய ஒரே வாயைப் பூட்டி வைத்ததால்தான் ஆயிரம் வாய் திறந்து பிரெஞ்சுக்காரனைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தது. அதைத் திறக்கும் சாவி இன்ஸ்பெக்டரின் இடுப்பிலேயே தொங்கியது.

ஒரு சங்கராவைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஜீப் போய் அன்புசெல்வியை, பிடுங்கிய போனோடு, அழைத்து வந்துவிட்டது. ஒயர்லெஸ்ஸில் வெற்றிவேல் கெஞ்சிய கெஞ்சலில் நெட்டையும் திறக்க ஒத்துக்கொண்டார்கள். எஃப்.ஐ.ஆர். பற்றி மட்டும் மேலிடம் இறங்கி வரவில்லை. அந்தப் பேனா இன்னும் திறந்தே இருந்தது.

பாறைகளுக்கு நடுவே மிஞ்சிய மணலில் கவிழ்த்துப் போட்ட ஒரு படகு. அதன் மேல்தான் முறை வந்தவர் உட்காருவார். அன்புசெல்வி உட்கார்ந்தாள். குரூப்பில் சேதி சொல்ல வேண்டியவர்கள் காலையிலிருந்தே காத்திருந்தார்கள். மளமளவென்று வரிசை சேர்ந்தது. முதலில் பழைய என்ஜின் விற்க வந்தவர். அடுத்து பிள்ளைக்குக் காது குத்து வைத்திருக்கும் ஓர் அம்மா. அதற்கடுத்து, வழி தவறி வந்த ஓர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு யாருடையது என்று கேட்க வந்த ஆள்.

வெற்றிவேல் நேராகப் படகுக்கு நடந்தார்.

"சார், வரிசை" என்றாள் அன்புசெல்வி. மரியாதையாகத்தான் சொன்னாள்.

"அம்மாடி, இது அரசாங்க விஷயம்."

"இங்க எல்லாரும் அவங்கவங்க விஷயமாத்தான் சார் வந்துருக்காங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். சுப்ரமணி மட்டும் கையை நீட்டி, கல்யாண வீட்டில் பந்திக்கு அழைப்பதுபோல், ஆட்டுக்குப் பின்னால் இருந்த இடத்தைக் காட்டினான்.

அரசாங்கம் போய் நின்றது. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டது. ஆடு திரும்பிப் பார்த்து, பிடிக்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த நேரத்தில்தான் நெட் வந்தது. குப்பத்தில் இருந்த அத்தனை போனும் ஒரே மூச்சில் கிணுகிணுத்ததில் காக்கைகள் எல்லாம் ஒரேயடியாக மகாபலிபுரத்துக்குப் பறந்துவிட்டன. வெற்றிவேலின் போனும் கிணுகிணுத்தது. அதில் 'அத்தை' என்று பெயர் வந்ததைப் பார்த்தார். கேட்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாலு பேர் போட்டோ எடுத்தார்கள். நாற்பதாயிரம் பேர் என்றுதான் நான் மற்ற இடங்களில் சொல்வேன்.

ஆட்டுக்காரர் முடித்ததும் அவர் முறை வந்தது. மேலிடம் சொன்னதை ஒப்பித்தார். அன்புசெல்வி பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"இதை நானே சொன்னாலும் நம்ப மாட்டாங்க சார். நேத்து வந்த சேதி உண்மைன்னு நீங்க ஒத்துக்கவே இல்ல. அதை ஒத்துக்காம இதை மட்டும் நம்புன்னா யாரு நம்புவா? நேத்து வந்தது எங்கேந்து வந்துச்சுன்னு சொல்லுங்க. இல்லன்னா என் முறையை உங்களுக்குத் தர முடியாது."

"சொன்னா என் வேலைக்கு என்னம்மா ஆகும்?"

"எனக்கும் திங்கக்கெழம வேலைதான் சார்" என்றாள்.

அவர் பாறைகளுக்கு மேலே நின்ற கூட்டத்தைப் பார்த்தார். மாமியாரைப் பார்த்தார். போன் அடித்தது. மேலதிகாரி. அந்தக் குரலைக் கேட்க என் காது தேவையில்லை, கரைக்கே கேட்டது.

"வெற்றிவேல்! நம்ம ஆள் ஒருத்தர் மீன்காரங்க வரிசையில, ஆட்டுக்குப் பின்னால நிக்கிற மாதிரி போட்டோ சுத்துது. பொய்தானே? அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு இப்பவே மறுப்பு விட்டுடுறேன். எங்க பக்கத்துலேந்து தகவல் கசியவும் இல்லன்னு சேத்துடுறேன். நீ அந்தப் பொண்ணு மேல எஃப்.ஐ.ஆரைப் போட்டுடு. சரியா?"

அன்புசெல்வி தன் போனை எடுத்தாள், மைக் பொத்தானை அழுத்திப் பிடித்தாள், அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். முறையைக் கொடுத்துவிட்டாள்.

வெற்றிவேல் இரண்டு போனுக்கும் நடுவில் நின்றார். அப்புறம் மேலதிகாரிக்கும் ஊருக்கும் சேர்த்து ஒரே தரம் சொன்னார்.

"மறுப்பு விடாதீங்க சார். அந்தப் பொண்ணு மேல கேஸ் இல்ல. நேத்து சேதி என் வாயிலேந்துதான் வந்துச்சு, எங்க அத்தை வீட்ல சாப்புடும்போது. இன்னைக்கு வரிசையில நின்னதும் நான்தான். ஆமா சார், ஆட்டுக்குப் பின்னாலதான். எல்லாம் நடந்துச்சு."